தெற்கு ஜன்னலுக்கு என்ன துணி?

கரூர்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். டெல்லி மயூர் விகார் வீட்டை நீ வீடியோவில் சுற்றிக் காட்டியதிலிருந்து எனக்கு அந்த ஜன்னல்கள் நினைப்பாகவே இருக்கிறது. தீபாவளிக்குள் ஸ்கிரீன் போட்டுவிட வேண்டும், லாஜ்பத் நகரில் மெரூன் கலரில் கனமான துணி பார்த்து வைத்திருக்கிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் கடிதம். துணி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடு.

அதே மெரூனை நானும் வாங்கினேன். அப்பாவுக்கு ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம் அது, உனக்கு மூன்று வயது. டெல்லி வெயில் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். போன வேகத்தில் ஹாலின் தெற்கு ஜன்னலை அந்தத் துணியால் மூடிவிட்டேன். டிசம்பர் வந்தது. பகலிலும் லைட் போட்டுக்கொண்டு, உனக்கு ரெண்டு ஸ்வெட்டர் மாட்டி ரஜாய்ப் போர்வையில் சுற்றி உட்கார வைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர் மாமி வந்தவர், பேசாமல் போய் ஸ்கிரீனை ஒதுக்கினார். வெயில் எதிர்ச்சுவர் வரை வந்து விழுந்தது. "இந்த ஊர்க் குளிருக்கு இருக்கிற ஒரே மருந்தை வெளியிலே நிறுத்திட்டியேம்மா" என்றார். நீ ரஜாயை உதறிவிட்டு அந்த வெயிலில் போய் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாய். ஒரு மாதம் குழந்தையை இருட்டில் வைத்திருந்தேனே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

டெல்லியில் டிசம்பர் கடைசியில் உச்சிப் பொழுதில்கூட சூரியன் சுமார் 38 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அதனால் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் உள்வரைக்கும் வெயில் வரும். ஜூனில் அது ஏறக்குறைய தலைக்கு நேராக நிற்பதால் அதே ஜன்னலுக்குள் அவ்வளவாக நுழையாது. உன் ஹால் ஜன்னலும் தெற்குதான். அதற்கு வெளிர் நிறத்தில் மெல்லிய காட்டன் போதும்.

படுக்கையறை மேற்கு. மெரூன் ஆசையை அங்கே தீர்த்துக்கொள். பின்பக்கம் வெள்ளை லைனிங் வைத்துத் தைக்கச் சொல், இல்லாவிட்டால் ரெண்டு கோடையில் கலர் வெளுத்துவிடும். ஆனால் எவ்வளவு கனமான துணியானாலும் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் அது தடுக்கப் பார்க்கும். லூ என்கிற அனல் காற்று அடிக்கும் மே மாதத்துக்குப் பால்கனியில், வெளிப்பக்கமாக, சிக் என்கிற மூங்கில் திரை ஒன்று தொங்கவிடு. அப்பா வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பாரே, அந்த வாசனை உனக்கு ஞாபகம் இருக்கும். வெல்வெட் மட்டும் வேண்டாம். ஒரு ஆந்திப் புழுதிப்புயல் அடித்தால் போதும், அவ்வளவு புழுதியும் அதில்தான் போய் உட்காரும்.

இனி அளவு. முதலில் ராடை மாட்டு, அதற்கப்புறம் அள. ஜன்னல் சட்டத்துக்கு 4 முதல் 6 அங்குலம் மேலே, இரண்டு பக்கமும் 8 அங்குலம் வெளியே தள்ளி ராடு வரட்டும். அப்போதுதான் ஒதுக்கின துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர்மேல் ஒதுங்கி நிற்கும். உனக்கு வேண்டியது அந்த முழு வெயில்தானே. ஜன்னலுக்கு நேர் மேலே கான்கிரீட் லிண்டல் இருக்கும், சாதாரண டிரில் இறங்காது. ஆள் வரும்போதே ஹேமர் டிரில் கொண்டுவரச் சொல்லிவிடு.

தையல்காரரின் இஞ்ச் டேப் நாளாக ஆக இழுபட்டிருக்கும், ஸ்டீல் டேப்பால் அள. ராடிலிருந்து தரை வரை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் அள. பழைய கட்டடத்தில் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆச்சரியம். குறைந்த அளவை எடுத்து அதில் அரை அங்குலம் கழித்துக்கொள், தரையில் இழுபடாது.

உன் ஹால் ஜன்னல் அகலம் 5 அடி என்றாய். 60 அங்குலத்தோடு இரண்டு பக்கமும் எட்டு எட்டு சேர்த்தால் ராடு 76. துணி அதைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு இருந்தால்தான் மடிப்பு மடிப்பாக விழும். அளவெடுத்தாற்போல வாங்கினால் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். துணியின் பன்னா, அதாவது அகலம், 48 அங்குலம் என்றால் நாலு பீஸ், பக்கத்துக்கு இரண்டு. உயரம் 84 வந்தால் மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 12, காட்டன் சுருங்குவதற்கு 4, ஆக ஒரு பீஸுக்கு 100 அங்குலம். நாலுக்கும் பத்தேகால் மீட்டர் எடுத்தால் சரியாக இருக்கும். பூப்போட்ட துணியானால் பூவுக்குப் பூ சேர வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். பிளெயினே எடுத்துக்கொள்ளேன்.

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடு. நான் அதைச் செய்யாமல் தைத்த முதல் காட்டன் ஸ்கிரீன் ஒரே துவையலில் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. வளையம் வைத்துத் தைத்தால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும். ஜனவரியில் ஹீட்டர் போடுவாய், அது ஸ்கிரீனிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். இதை மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

ஹால் துணியை அங்கே வாங்காதே. இங்கே நெசவுத் துணிக்கா பஞ்சம்? கரூர் ஸ்கிரீன் துணி கப்பலேறி வெளிநாடு போகிறது, என் பெண் வீட்டுக்கு வரக்கூடாதா? சந்தன கலரில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் உன் சித்தப்பா டெல்லி வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராடை மாட்டி அளந்துவிட்டு, மூன்று உயரத்தையும் தனித்தனியாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா