வரைபடத்தில் உள்ள மரங்களைக் குறைத்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நில வரைபடம் கிடைத்தது. ஜெர்மனியின் பிராண்டன்பேர்க் மாநிலத்து மணல் நிலத்தில் நான்கு மீற்றருக்கு ஒரு மர வரிசை போட்டு, அதற்குள் பொப்லர், அப்பிள், ஹேசல், கறுப்புக் கறன்ட் என்று கை வைக்க இடமில்லாமல் நிரப்பியிருக்கிறாய். ஏர்ன்ஸ்ட் கோச் பிரேசிலில் செய்ததை மனத்தில் வைத்தே வரைந்திருக்கிறாய் என்பது பார்த்ததும் விளங்கியது. 1948இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த அவர், 1980களில் பாஹியா மாநிலத்தில் களைத்துப்போன நிலமொன்றை எடுத்து, கொக்கோவோடு பல மரங்களை நெருக்கமாக நட்டு, வளர வளர வெட்டி, வெட்டியதையெல்லாம் மண்ணுக்கே கொடுத்து, அதை மறுபடியும் காடாக்கினார். அந்த முறையில் எனக்கும் மரியாதை உண்டு. குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்திய யாழ்ப்பாணத்துக்காரனுக்கு, மரத்தை உரத்துக்காகவே வளர்ப்பது புதுச் செய்தியும் அல்ல. ஆனால் இங்கே சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்து அப்பிள் தோட்டங்களில் இத்தனை காலம் கத்தரிக்கோலோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரைபடத்தில் உள்ள மரங்களில் பாதியையாவது எடுத்துவிட வேண்டும்.

முதற் காரணம் வெயில். பாஹியாவில் நண்பகல் சூரியன் வருடத்தின் பெரும் பகுதி ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். மேலடுக்கு மரத்தின் இலைகளுக்கிடையே இறங்கும் வெளிச்சம் கீழடுக்குக்கும் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குகளில் ஓங்கு மரங்கள் நிலப்பரப்பில் ஏறக்குறைய 20 சதவீதத்தை மூடலாம், உயர் அடுக்கு 40, நடு அடுக்கு 60, கீழ் அடுக்கு 80 என்று அங்கே கணக்குச் சொல்கிறார்கள் அல்லவா, அது அந்த வெயிலுக்கான கணக்கு. உன் நிலம் வடக்கே 52 பாகைக்கு அப்பால் இருக்கிறது. ஜூன் 21இல்கூட நண்பகல் சூரியன் 61 பாகைதான் ஏறும். பத்து மீற்றர் பொப்லர் அப்போதே ஐந்தரை மீற்றர் நிழல் விழுத்தும், செப்டெம்பர் 23 அளவில் அது பதின்மூன்று மீற்றராகும். வரிசையை வடக்குத் தெற்காக வைத்தால் இடைவெளிப் பயிருக்கு நல்லதுதான். ஆனால் நண்பகல் நிழல் அதே வரிசையில் வடக்கே நிற்கும் அப்பிளின் மேல் விழும் என்பதை மறந்துவிடாதே. ஆகவே வரிசைகளுக்கிடையே பன்னிரண்டு மீற்றர் விடு. பொப்லரை ஓங்கவிடாமல் இரண்டு மீற்றர் உயரத்தில் தலை வெட்டி, அப்பிளுக்கு வேலைக்காரனாகவே வைத்திரு.

வெட்டும் காலம் இதைவிட முக்கியமானது. பாஹியாவில் எந்த மாதம் வெட்டினாலும் மரம் உடனே துளிர்க்கும். நம் பக்கங்களில் மரம் வருடத்தில் சில மாதம்தான் வளரும். அப்பிளின் அடுத்த வருடப் பூமொட்டு இந்த வருடம் ஜூன், ஜூலையிலேயே உருவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் இலைக்கு வெளிச்சம் கிடைக்காத கொப்பு அடுத்த வசந்தத்தில் பூவில்லாமல் நிற்கும். ஜூன் நடுவில் பொப்லரைத் தலை வெட்டினால் அப்பிளுக்கு வேண்டிய நேரத்தில் வெளிச்சம் இறங்கும். இலையோடு கூடிய இளங்கொப்பு விரைவாக உக்கவும் செய்யும். குளிர்காலத்தில் வெட்டிய காய்ந்த தடி வறண்ட மணலின் மேல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை வேலிகளையும் பற்றைகளையும் வெட்டக் கட்டுப்பாடு விதிக்கிறது. புது வளர்ச்சியை மட்டும் மெதுவாகக் கத்தரிக்க இடமுண்டு. உன் மர வரிசை எந்த வகைக்குள் வருகிறது என்று உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வெட்டப் போகும் நாளில் குருவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்.

இங்கேதான் ஆள் கணக்கு வருகிறது. வெட்டாமல் விட்ட நெருக்கமான தோட்டம் மூன்றாம் வருடத்தில் வெறும் பற்றையாகிவிடும். ஜூன் நடுவில் உனக்குப் புல்லறுப்பும் இருக்கும், சந்தையும் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் உன் இரண்டு கைகள் எத்தனை மரத்தை முடிக்குமோ அத்தனை பொப்லர்தான் உன் நிலத்துக்கு அளவு. மண்ணை மூடப் போடும் மிச்ச மூடாக்கை மரத்திடம் எதிர்பார்க்காதே. இடைவெளியில் லூசேர்ன் விதைத்து, மே மாதம் முதல் அறுத்து வரிசைக்குத் தள்ளு. ஆழ வேர்விடும் அந்தப் பயறினப் பயிர் வறட்சி தாங்கும். முதல் வருடங்களில் பொப்லரைவிட அதுவே அதிகம் தரும்.

அப்பிளை ஒட்டும் வேர்ப்பாகமாக நர்சரிக்குக் கொடுத்த எம் 9 என்ற குள்ள ஒட்டுக்கட்டை ஓடரை நிறுத்திவிடு. எம் 9 என்பது தாங்குகம்பியும் சொட்டுநீரும் புல்லில்லாத அடிநிலமும் கொடுத்து வளர்க்கும் பிள்ளை. நாங்கள் இங்கே அப்படித்தான் வளர்க்கிறோம். அதன் வேர் மணலில் லூசேர்னோடும் பொப்லரோடும் போட்டியிட்டு வெல்லாது. விதையில் முளைத்த ஒட்டுக்கட்டை, அல்லது எம்எம் 111 என்ற வலுவான ஒட்டுக்கட்டை கேள். காய்க்கச் சில வருடம் பிந்தும், ஆனால் மரம் நிற்கும். கறுப்பு அல்டர் மரமும் வேண்டாம், அதற்கு ஈரநிலம் தேவை. தழைச்சத்துக்கு சண்டோர்ன் என்ற முட்பற்றையைப் போடு, மணலில் நன்றாக வரும், பழமும் விலைபோகும். ரொபீனியா மரம் தழைச்சத்துத் தரும் என்றாலும் வேரிலிருந்து முளைத்து அயலவன் வயலுக்குள் போய்விடும்.

மூடாக்கைப் பற்றி ஒன்று. தடித்த மூடாக்கின் கீழே குளிர்காலத்தில் எலி குடியேறும். வசந்தத்தில் சற்றுச் சாய்ந்து நிற்கும் கன்றைப் பிடித்து இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். வேர் இருந்த இடம் பென்சில் சீவியது போலக் கூராகி, பல் தடங்கள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். அதனால் நடும்போதே கம்பி வலைக்கூடைக்குள் வேரை வை, தண்டைச் சுற்றி ஒரு முழம் வெறுநிலமாக விடு. பூக்கும் வாரங்களிலும் மூடாக்கை விலக்கிவை; மூடிய மண் பகலில் சூடு வாங்காது, இரவில் சூடு விடாது, மே நடுப்பகுதி வரை உங்கள் பக்கம் உறைபனி வரும்.

வெற்றுவேர்க் கன்றுகளை நவம்பரில், மண் உறையுமுன் நடு. நான் ஒக்டோபர் கடைசியில் வருகிறேன். அதற்குள் வரைபடத்தைத் திருத்தி, மண் பரிசோதனை முடிவையும் சேர்த்து அனுப்பு. வலைக்கூடைகளை அம்மா இங்கேயே மலிவாகப் பார்த்துவைத்திருக்கிறாள், எத்தனை வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
அப்பா