வெளி வீதியும் ரோண்டாவும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. பார்சிலோனா நகர வரலாற்று மாநாட்டில் பேச நீ எழுதி அனுப்பிய மதுரைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கத்தை அப்படியே அடித்துவிடு. 'தூங்கா நகரம், தாமரை வடிவில் அமைந்த தொன்மையான மாநகரம்' என்பதெல்லாம் கல்யாண மண்டபத்து வாழ்த்துரைக்குத்தான் ஆகும். பார்சிலோனாவில் உன் எதிரே உட்காரப் போகிறவர்கள் ஊர்ப்பெருமை கேட்க வரவில்லை. அவரவர் ஊரில் ஒரு சந்தையையோ சாக்கடையையோ மதில் சுவரையோ பிடித்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்தவர்கள்.

அந்தத் தாமரையையும் கொஞ்சம் யோசித்துப் பார். பரிபாடலில் மதுரை தாமரைப் பூவாகவும் தெருக்கள் இதழாகவும் வருவது உண்மை. ஆனால் அது புலவர் கண்ட காட்சி, நில அளவை இல்லை. இன்று நாம் நடக்கிற சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளின் சதுரம் பெரிதும் நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. இரண்டையும் ஒட்டவைத்து 'சங்க காலத்திலிருந்து மாறாத அமைப்பு' என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய். பழமை சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒரே வரி போதும்: அழகர்மலைக் குகையின் தமிழி எழுத்துகளில் மதுரைக்கார உப்பு வணிகனும் பொற்கொல்லனும் பேரோடு இருக்கிறார்கள். கல்லில் பேர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வணிகர் வசித்த ஊர் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். கீழடி வேண்டாம். அது தனிக் கட்டுரை. உள்ளே இழுத்தால் இருபது நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

உன் சரக்கு நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறது. கோட்டையை இடித்தது. அதைத் தூக்கி முன்னால் வை.

1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். ஊருக்குள் நெரிசல், அகழியில் தேங்கிய தண்ணீர், காய்ச்சல். அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்து வேலையை முடித்தார். அப்படிப் பிறந்த தெருக்களில் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: அளந்த மாரட், ஆள் வைத்து வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரி. ஒரு சர்வேயரும் ஒரு மேஸ்திரியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவாக நிற்கிற ஊர் எத்தனை இருக்கும்? கலெக்டருக்கு அவர் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண்தான் கிடைத்தது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அங்கே வருகிறவர்களுக்கு மதில் இடிப்பு என்றவுடன் வியன்னாதான் நினைவுக்கு வரும். அங்கே பேரரசர் உத்தரவு போட்டது 1857 டிசம்பரில். பார்சிலோனாவில் கடப்பாரை விழுந்தது 1854ல். நம் ஊர் இரண்டுக்கும் முந்தியது. 'நாங்கள்தான் முதல்' என்று மார்தட்டாதே, அதற்கு முன்பே சுவரை இடித்த ஐரோப்பிய ஊர்களும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேள். வியன்னாவில் காலியான நிலத்தை விற்று, அந்தக் காசில் அரசு கட்டடங்களை எழுப்பினார்கள். இங்கே கூலிக்குப் பதில் நிலம். அதனால் அங்கே அகலச் சாலையும் மாளிகைகளும் வந்தன, இங்கே துண்டு துண்டாக வீட்டுமனைகள் வந்தன. எந்த ஊரிலிருந்து வருகிறவரும் உட்கார்ந்து கேட்பது இந்த ஒப்பீட்டைத்தான். 'தூர்த்த நிலம் யார் கைக்குப் போனது, எந்த அளவுத் துண்டாக?' என்பதே உன் கேள்வி. தலைப்பிலேயே அது தெரிய வேண்டும்.

இனி வரைபடம். நீ போட்டிருக்கும் படம் சாயவில்லை, ஆனால் நகர்ந்திருக்கிறது. ஏன் தெரியுமா? பழைய படத்தை செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும்போது கோபுர உச்சியைப் பிடித்திருக்கிறாய். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. செயற்கைக்கோள் நேர் மேலே இருந்து எடுப்பது அபூர்வம், கொஞ்சம் சாய்வாகப் பார்க்கும். அதனால் உச்சி ஒரு பக்கம் பல மீட்டர் தள்ளி விழுந்திருக்கும். உச்சியை விட்டுவிட்டு வெளி மதிலின் நான்கு மூலைகளின் அடியைப் பிடி. அதோடு விளக்குத்தூண், புதுமண்டபத்து மூலை, மகால் சுவர், கிழக்கே விட்டவாசல், மேற்கே பெரியார் நிலையம் பக்கம் மிஞ்சி நிற்கும் கோட்டைத் துண்டு. மூன்று புள்ளி இருந்தாலே மென்பொருள் ஒத்துக்கொள்ளும். நீ எட்டுக்குக் குறையாமல் வை, ஊர் முழுக்கப் பரவலாக. எல்லாவற்றையும் கோயிலைச் சுற்றியே வைத்தால் நடு சரியாக உட்காரும், உனக்கு வேண்டிய ஓரம் பறந்துவிடும். வைகைக் கரையைத் தொடாதே. கரை நகர்ந்த ஊர் இது. பிழைக் கணக்கில் ஒரு புள்ளி மட்டும் மற்றதைவிடப் பல மடங்கு காட்டினால் உடனே நீக்கிவிடாதே. பழைய காகிதம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருக்கலாம், அல்லது அந்தக் கட்டடமே இடம் மாறிக் கட்டியதாக இருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு நீக்கு.

இன்னொன்று. உலகை மண்டலங்களாகப் பிரித்து வரையும் யுடிஎம் கட்ட முறையில் மதுரைக்கு மண்டலம் 44 வடக்கு. மண்டல எல்லையான 78 பாகைக் கோடு கோயிலுக்கு மேற்கே சுமார் பதிமூன்று கிலோமீட்டரிலேயே ஓடுகிறது. உசிலம்பட்டியையும் சேர்த்து ஒரு பெரிய படம் போட்டிருக்கிறாயே, அது 43ல் விழும். இரண்டையும் கலக்காமல் ஒரே மண்டலத்தில் வரை.

அச்சுக்கு 1:2500 அளவை எடுத்துக்கொள். 1955ல் ரோமில் உருவான பன்னாட்டு நகர வரலாற்று ஆணையம் ஐரோப்பிய ஊர்களுக்கு வகுத்த வரைபட வரிசையில் முதன்மைப் படம் அந்த அளவில்தான் வரும். அங்கே வருகிறவர்களின் கண் அதற்குப் பழகியது. அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் 25 மீட்டர். கோயிலின் வெளி மதில் சுமார் 254க்கு 237 மீட்டர். காகிதத்தில் அகலம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, உயரம் ஒன்பதரை. ஏறக்குறைய உள்ளங்கை அளவு. கையை வைத்துக் காட்டினாலே அவர்களுக்கு ஊரின் அளவு பிடிபடும்.

மனைகளுக்கு வருகிறேன். இன்றைய நகர நில அளவைப் பதிவேட்டை வைத்து 1840களின் துண்டு அகலத்தைச் சொல்லிவிட்டாய். அது சரியாக வராது. நடுவில் எத்தனை பாகப்பிரிவினை! அண்ணன் தம்பி நான்கு பேர் பிரித்தால் ஒரு மனை நான்கு உட்பிரிவு ஆகும். ஆனால் ஒன்று கவனி: வீடு இடியும், கூரை மாறும், பொதுச்சுவர் இருக்கும் இடம் லேசில் மாறாது. இதை கான்சன் என்ற புவியியலாளர் 1960ல் இங்கிலாந்தின் ஆல்னிக் என்ற சிறு ஊரை வைத்து விரிவாகக் காட்டினார். மனை எல்லை கட்டடத்தைவிட ஆயுள் கெட்டி. ஆகவே தாளில் பல மனைகளைத் தாண்டி நேராக ஓடும் கோடுகளைத் தேடு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சின்னக் கோடுகள் பின்னால் வந்தவை. நீளக் கோட்டுக்கும் அடுத்த நீளக் கோட்டுக்கும் இடையே உள்ளதுதான் முதல் துண்டாக இருக்க வாய்ப்பு. 'வாய்ப்பு' என்றே எழுது.

அலகையும் பார். பழைய பதிவில் ஏக்கரும் சென்ட்டும், புதியதில் சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சுமார் 40.47 சதுர மீட்டர். நீ ஓர் அட்டவணையில் 40 என்று போட்டுக் கடைசியில் கூட்டியிருக்கிறாய். நூறு சென்ட் சேரும்போது ஒரு சென்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது.

மதில் இருந்த இடம்தான் வெளி வீதி என்று ஒரே வரியில் முடித்ததும் எனக்குச் சம்மதமில்லை. கோட்டை என்பது ஒரு கோடு இல்லை. மதில், அகழி, அதற்கு வெளியே வெறும் தரை என்று அகலமான பட்டை. அந்தப் பட்டையில் தெரு எங்கே விழுந்தது, மனை எங்கே விழுந்தது என்பதைத்தான் நீ பிரித்துக் காட்ட வேண்டும். மாரட் வீதியில் யாராவது அஸ்திவாரம் தோண்டினால் குழியின் பக்கவாட்டை, அளவுகோல் சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். தூர்த்த மண்ணில் செங்கல் துண்டு, ஓடு, சாம்பல் எல்லாம் அடுக்கில்லாமல் கலந்து கிடக்கும்.

ஆவணத் தேதிகளில் பெரிய ஓட்டை ஒன்று. வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியை ஆங்கில ஆண்டாக மாற்ற எல்லா இடத்திலும் 590 கூட்டியிருக்கிறாய். பசலி 1253 என்றால் 1843ன் பிற்பாதியும் 1844ன் முற்பாதியும். ஜனவரி பிறந்த பிறகு எழுதிய கடிதங்களுக்கு 591 கூட்ட வேண்டும். இன்னும் நுணுக்கம்: பசலி ஜூலை 1ல் பிறப்பது 1855 வாக்கில் வந்த ஏற்பாடு. உன் கட்டுரையின் காலத்தில் சென்னை மாகாணத்தில் ஜூலை 12. ஜூலை முதல் வாரத்துக் கடிதம் ஒன்று இருக்கிறதே, அதைத் திரும்பப் பார். எழும்பூர் ஆவணக் காப்பகத்து வருவாய் வாரிய நடவடிக்கைகளைக் குறிப்பிடும்போது தொகுதி எண், தேதி, பக்கம் மூன்றும் வேண்டும். தொகுதி எண் இல்லாத மேற்கோளை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாது. ஆங்கிலத்தில் நம் ஊர் 'மதுரா' என்றே இருக்கும், தேடும்போது அதையும் போடு.

மக்கள்தொகைப் படத்தைத் திருத்தாமல் காட்டாதே. 1871ல் 51,987, 1901ல் 1,05,984. முப்பது வருஷத்தில் இரட்டிப்பு. 1875ல் ரயில் வந்ததையும் நூல் ஆலையையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம். ஆனால் 2011ல் கோடு செங்குத்தாக ஏறுகிறதே, அது பிறப்பும் இல்லை, குடியேற்றமும் இல்லை. மாநகராட்சி எல்லையை 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரித்தார்கள். பழைய எல்லைக்குள் எண்ணினால் 10,17,865. விரித்த எல்லையில் பதினான்கு லட்சத்துக்கு மேல். எல்லை மாறும் இடத்தில் கோட்டை உடைத்துப் போடு. நகர வரலாற்றுக்காரர்கள் முதலில் கேட்பதே 'எந்த எல்லை?' என்றுதான்.

பேச்சு. இருபது நிமிஷம் என்றால் ஆங்கிலத்தில் 2,400 சொல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நீ வேகமாகப் பேசுகிறவன், நிதானமாகப் பேச 2,200ல் நிறுத்து. எல்லோரும் செய்யும் தப்பு, முன்னுரைக்குப் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு முடிவைச் சொல்லும்போது தலைவர் சீட்டுக் காட்டுவது. இரண்டாம் நிமிஷத்திலேயே விடையைச் சொல்லிவிடு, மிச்ச நேரம் ஆதாரம். தெருப் பேர்களை முழுக்க அடுக்காதே. மாசி, வெளி, மாரட், பெருமாள் மேஸ்திரி, நான்கு போதும். 'வெளி' என்றால் என்ன என்று ஒரு தடவை சொல்.

லெஸ்டரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1966ல் டயோஸ் என்ற வரலாற்றாசிரியர் அந்த ஊரில் கூட்டிய வட்டமேசையிலிருந்துதான் பிரிட்டனில் நகர வரலாறு தனித்துறையாகத் தலைதூக்கியது. இந்த மாநாட்டை நடத்தும் ஐரோப்பிய நகர வரலாற்றுச் சங்கம் 1989ல் வந்தது, முதல் மாநாடு 1992ல் ஆம்ஸ்டர்டாமில். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் ஊராக. கொரோனாவில் ஆன்ட்வெர்ப் மட்டும் 2020லிருந்து 2022க்குத் தள்ளிப்போனது.

ஷெங்கன் விசாவைக் கடைசி நேரத்துக்கு வைக்காதே. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கெடு பதினைந்து நாள் முன்பு. ஆனால் கோடையில் நேரம் வாங்குவதே பெரும்பாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

அங்கே மாநாட்டு மண்டபத்திலேயே அடைந்து கிடக்காதே. பழைய பார்சிலோனாவின் மதில் இருந்த தடத்தில் இன்று ஓடும் சாலைகளுக்கு ரோண்டா என்று பேர். சான் பேரா ரோண்டா, சான் அந்தோனி ரோண்டா. நம் வெளி வீதி மாதிரியே ஊரைச் சுற்றி வரும். 1841லேயே மோன்லாவ் என்ற மருத்துவர் சுவரை இடிக்கச் சொல்லி எழுதினார், காரணம் இங்கே சொன்னதுதான்: நெரிசல், நோய். ரோண்டாவைத் தாண்டினால் செர்தா என்ற பொறியாளர் வகுத்த சதுரங்கள் தொடங்கும். ஒவ்வொரு கட்டமும் 113.3 மீட்டர், தெரு 20 மீட்டர், முனைகளைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், வண்டி திரும்ப. அதைப் பார்க்கும்போது மாசி வீதி முனையை நினைத்துக்கொள். தேர் திரும்ப வடத்தை எந்தப் பக்கம் இழுப்பார்கள், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை எங்கே விழும், முனை வீடுகள் எவ்வளவு ஒதுங்கி நிற்கின்றன என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நம் தேர் சித்திரையில் ஓடினாலும் ஓடுவது மாசி வீதியில்தான். திருமலை நாயக்கர் கல்யாணத் திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். விழா மாதம் மாறியது, தெருவின் பேர் மாறவில்லை. கேள்வி நேரத்தில் யாராவது 'சடங்குக்கும் தெரு அகலத்துக்கும் என்ன தொடர்பு' என்று கேட்டால் தேர் முனையைச் சொல். பேச்சுக்குள் நுழைக்காதே.

ரோண்டாவின் அகலத்தை மட்டும் ஒரு நாள் காலையில் நடந்து அளந்து எழுது. உன் ஒரு எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று முதலில் பத்து எட்டு வைத்துச் சரிபார்த்துக்கொள். நடைபாதையையும் சேர்த்து, ஒரு பக்கத்துக் கட்டடச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும். கீழ வெளி வீதியை அதே மாதிரி நான் இங்கே அளந்து வைக்கிறேன்.

திருத்திய பக்கங்களை வியாழனுக்குள் அனுப்பு. தெருப் பேர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் அக்காவிடம் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா