தலைவர் போனால் கட்சியும் போகிறது

ஆசிரியருக்கு,

ஜார்ஜியா நாட்டு அரசியல் பற்றிய உங்கள் கட்டுரை எல்லாவற்றையும் 'ரஷ்யாவா, ஐரோப்பாவா' என்ற ஒரே கேள்விக்குள் அடக்கிவிட்டது. அங்கே கட்சிகள் எப்படி முளைத்து எப்படிக் காணாமல் போகின்றன என்பதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

1990இல், சோவியத் காலத்திலேயே நடந்த பலகட்சித் தேர்தலில், கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்தது தேசியவாதத் தலைவர் கம்சகுர்தியாவின் வட்டமேசைக் கூட்டணி. 1992 ஜனவரியில் அவர் விரட்டப்பட்டதும் அதுவும் சிதறியது. அடுத்து ஆட்சிக்கு வந்த ஷெவர்ட்நாட்சேயின் கட்சியான குடிமக்கள் ஒன்றியம். பழைய சோவியத் அதிகாரி முதல் இளம் சீர்திருத்தவாதி வரை எல்லோரும் அதில் இருந்தார்கள். கொள்கை என்னவென்று கேட்டால்தான் தடுமாற்றம். வேடிக்கை பாருங்கள், 2003இல் 'ரோஜாப் புரட்சி' என்ற மக்கள் போராட்டத்தில் ஷெவர்ட்நாட்சேயைப் பதவி விலக வைத்த சாகஷ்விலி, ஷ்வானியா, புர்ஜநாட்சே மூவருமே அந்தக் கட்சியில் வளர்ந்தவர்கள்தான்! அப்புறம் அந்தக் கட்சி இருந்த இடமே தெரியவில்லை.

2012இல் கோடீஸ்வரர் இவானிஷ்விலியின் 'ஜார்ஜியக் கனவு' கட்சி, தொடங்கிய சில மாதங்களிலேயே சாகஷ்விலியின் கட்சியிடமிருந்து ஆட்சியைப் பிடித்தது. விடுதலைக்குப் பிறகு வாக்குப்பெட்டி வழியாக அமைதியாக ஆட்சி மாறியது அங்கே அதுவே முதல் முறை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. சரி, கட்சி யார் பணத்தில் நடக்கிறது? சந்தா கட்டும் உறுப்பினர்களின் பணத்தில் அல்ல.

நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரு கட்சி பெற வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வரம்பும் முக்கியம். 2020இல் 1 சதவீத வாக்கே போதும் என்றிருந்ததால் ஒன்பது அணிகள் நாடாளுமன்றத்துக்குள் வந்தன. 2024இல் அது 5 சதவீதமானது. தேறியவை ஐந்துதான்.

– வாசகர், திருச்சி