பெட்ரோல் ரசீதுகளில் சிக்கிய கொலைகாரன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குழந்தைக் கொலையாளி ராபர்ட் பிளாக் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். அவன் பால்யத்தையும் குரூரத்தையும் விரிவாகச் சொன்ன கட்டுரை, இத்தனை ஆண்டு ஏன் பிடிபடவில்லை, பிறகு எதை வைத்துக் குற்றத்தை நிரூபித்தார்கள் என்ற இரண்டையும் ஒரே பத்தியில் முடித்துவிட்டது. காவல்துறையின் கணினிதான் அவனைக் கண்டுபிடித்தது என்ற வரி தவறு. கணினியில் அவன் பெயரே இல்லை. குழந்தைகளைப் பெற்ற எவருக்கும் இந்த வழக்கில் தெரிய வேண்டியது அந்தப் பகுதிதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிளாக் 1947-இல் கிரேஞ்ச்மவுத்தில் பிறந்தவன். தாய் வளர்க்கவில்லை, கின்லாக்லெவன் என்ற மலை ஊரில் வளர்ப்புக் குடும்பத்திலும், பிறகு காப்பகங்களிலும் வளர்ந்தான். 1963-இல், பதினாறு வயதில், கிரீனாக் நகரில் ஏழு வயதுச் சிறுமியைப் பூனைக்குட்டி காட்டுகிறேன் என்று ஆளில்லாத பழைய பதுங்குகுழிக்கு அழைத்துப் போய், மூச்சு நிற்கும் அளவுக்குக் கழுத்தை நெரித்து, வன்கொடுமை செய்து, மயங்கிய நிலையில் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். இதைக் கொலை முயற்சி என்று யாரும் பதியவில்லை. ஆபாச நடத்தை என்ற தலைப்பில் வழக்கு. இது ஒருமுறை நடந்த தவறு, திரும்ப நடக்காது என்கிற ரீதியில் மனநல அறிக்கை. நீதிமன்றம் எச்சரித்து அனுப்பியது. 1967-இல் தான் தங்கியிருந்த வீட்டுக் குழந்தையிடமே அத்துமீறியதற்கு ஓராண்டு சீர்திருத்தப் பள்ளி. பிறகு லண்டனுக்குப் போய்விட்டான்.

அந்த 1963 வழக்கின் தலைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காவல்துறைப் பதிவில் ஒரு குற்றம் எப்படி நடந்தது என்பது எங்கோ ஒரு கோப்பின் உள்ளே கிடக்கும்; தேடுபவர் கண்ணில் படுவது குற்றத்தின் தலைப்பும் தண்டனையும் ஆண்டும்தான். கழுத்தை நெரித்தவன் ‘ஆபாச நடத்தை, எச்சரிக்கை’ என்று பதிவாகிவிட்டால், இருபது ஆண்டு கழித்துக் குழந்தைக் கொலையாளியைத் தேடுகிறவருக்கு அவன் தென்படவே மாட்டான். பழைய தண்டனைகளைப் புரட்டும்போது ஏதாவதொரு ஆண்டில் கோடு போட்டுத்தான் தேட முடியும். 1967 என்பது எண்பதுகளில் அந்தக் கோட்டுக்கு வெகு பின்னால் இருந்தது.

1976-இல் அவனுக்கு லண்டனில் விளம்பரச் சுவரொட்டிகளை விநியோகிக்கும் நிறுவனத்தில் வேன் ஓட்டுநர் வேலை கிடைத்தது. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, வட அயர்லாந்து என்று நாடு முழுக்க ஓட வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் தவிர்த்த நெடுந்தூரப் பயணங்களை அவன் விரும்பி ஏற்றான். வேனிலேயே தூங்குவான்.

1981 ஆகஸ்ட் 12-இல் வட அயர்லாந்தின் பாலிண்டரி அருகே, தோழி வீட்டுக்குச் சைக்கிளில் போன ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள். சைக்கிள் வேலிக்கு அப்பால் தூக்கி வீசப்பட்டிருந்தது. அதன் நிறுத்துக்கால் கீழே இறக்கப்பட்டே இருந்தது. யாரோ பேச்சுக் கொடுக்க, அவளாகவே வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறாள் என்பதற்கு அந்த ஒரு கம்பிதான் சாட்சி. ஆறு நாள் கழித்து ஓர் அணைக்கட்டு நீரில் உடல் கிடைத்தது. 1982 ஜூலை 30-இல் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு நடந்த பதினொரு வயதுச் சிறுமி. உடல் கிடைத்தது சுமார் 250 மைல் தெற்கே, ஸ்டாஃபர்ட்ஷயரில் சாலையோரத்தில். 1983 ஜூலை 8-இல் எடின்பரோவின் போர்டபெல்லோ கடற்கரையில் ஐந்து வயதுக் குழந்தை. 15 பென்ஸ் கொடுத்து அவளை ராட்டினத்தில் ஏற்றிவிட்ட கண்ணாடிக்காரர் ஒருவருடன் கைபிடித்துப் போனதைச் சிலர் பார்த்திருந்தார்கள். உடல் 300 மைலுக்கும் அப்பால் லெஸ்டர்ஷயரில். 1986 மார்ச் 26-இல் லீட்ஸ் அருகே மார்லியில், தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிவிட்டுத் திரும்பிய பத்து வயதுச் சிறுமி. உடல் நாட்டிங்ஹாம் அருகே ட்ரென்ட் ஆற்றில்.

இங்கே இடர்ப்பாடு எங்கே என்று கவனியுங்கள். குழந்தை காணாமல் போனது ஒரு காவல் சரகத்தில், உடல் கிடைத்தது இன்னொன்றில். பிரிட்டனில் அன்று ஒவ்வொரு வட்டாரக் காவல்துறையும் தனி அமைப்பு; தலைமையும் கோப்பும் தனித்தனி. 1982 விசாரணை முழுக்கக் கையால் எழுதிய அட்டைகளில்தான் நடந்தது. ஒரு சாட்சி ஒரு பெயரைச் சொன்னால் பெயருக்கு ஓர் அட்டை, வண்டிக்கு ஓர் அட்டை, தெருவுக்கு ஓர் அட்டை, ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் எண். ஆயிரம் அட்டை வரை இது அருமையாக வேலை செய்யும். லட்சத்தைத் தொடும்போது ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு இழுப்பறையில் கிடப்பான். எழுதி முடிக்காத தாள்கள் மேசையில் குவியும். புதிய தகவல் பழைய அட்டையைச் சந்திக்காமலே போகும். யார்க்‌ஷயரில் பல பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் ஒன்பது முறை விசாரிக்கப்பட்டும் 1981 வரை தப்பியதற்கு இந்த அட்டைக் குளறுபடி பெரிய காரணம். 1982 விசாரணையில் சிவப்பு நிற ட்ரையம்ப் 2000 கார் ஒன்றைப் பார்த்ததாக வந்த தகவலை நம்பி, ஆயிரக்கணக்கான கார்க்காரர்களைத் தேடித்தேடி விசாரித்தார்கள். கொலையாளி வந்ததோ வேனில்.

1983 கொலைக்குப் பிறகுதான் ஹெக்டர் கிளார்க் என்ற உயரதிகாரியின் கீழ் விசாரணைகள் ஒன்றாக்கப்பட்டன. 1986-க்குப் பிறகு 1982, 1983, 1986 ஆகிய மூன்று கொலைகளின் காகிதங்களையும் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்கெனவே எழுதிய அட்டைகளை எல்லாம் ஒரே முறையில் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். அது முடிய மூன்றாண்டுக்கு மேல் ஆனது. கடைசியில் 1,80,000-க்கும் அதிகமான பெயர்களும் 2,20,000 வாகனங்களும் அதில் இருந்தன. உள்ளே போட்டதைத்தான் கணினி திருப்பித் தரும். அதற்குள் போகாத பெயர் பிளாக்.

அவனைப் பிடித்தது ஸ்காட்லாந்தின் ஸ்டோ என்ற சிற்றூர். 1990 ஜூலை 14-ஆம் தேதி, வீட்டு முன் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், எதிரே நின்ற நீல வேனின் அடியில் ஒரு பெரிய ஆளின் கால்களையும் ஒரு குழந்தையின் கால்களையும் பார்த்தார். அடுத்த நொடி சின்னக் கால்கள் மட்டும் காணவில்லை. வேன் கிளம்பியதும் அவர் செய்த முதல் காரியம் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டது. இரண்டாவது, உடனே சொன்னது. காவலர்கள் வந்து அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே வேன் ஊருக்குள் திரும்பி வர, சாலையில் இறங்கி மறித்தார்கள். ஆறு வயதுக் குழந்தை கைகள் கட்டப்பட்டு, வாயில் ஒட்டுப்பட்டையுடன், தூங்கும் பையில் திணிக்கப்பட்டு உள்ளே உயிரோடு இருந்தாள். அடுத்த மாதமே எடின்பரோவில் அவனுக்கு ஆயுள் தண்டனை.

ஆனால் கடத்தியவன் என்பதால் பழைய கொலைகளையும் செய்தவன் ஆகிவிட முடியாது. ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. கொன்றதைப் பார்த்தவர் இல்லை. உடலோடு அவனை இணைக்கும் தடயமும் இல்லை. விசாரணைக் குழு அவன் வேலை பார்த்த நிறுவனத்தின் பழைய காகிதங்களுக்குப் போனது. அந்த நிறுவனம் அவற்றை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது இந்த வழக்கின் பெரிய பாக்கியம். ஓட்டுநருக்குப் போன இடத்தைப் பொறுத்துக் கூலி மாறும். எனவே எந்த வாரம் எந்தப் பாதையில் யார் போனார் என்பதை ஊதியப் பதிவேடு சொன்னது. எங்கே எதை இறக்கினார்கள் என்பதை விநியோகப் பதிவு சொன்னது. எரிபொருள் நிரப்பிய ரசீதுகள் நாளையும் ஊரையும் சொன்னன.

ரசீது ஒன்றை மட்டும் வைத்து எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. இன்ன நாளில் இன்ன பங்க்கில் ஒரு வண்டி எண்ணெய் போட்டது என்பதுதான் அதில் இருக்கும். ஓட்டியது யார் என்பதை அது தனியாக நிரூபிக்காது. ஊதியப் பதிவேடு ஆளைச் சொல்லும், மணியைச் சொல்லாது. விநியோகப் பதிவு ஊரைச் சொல்லும், வழியில் எங்கே நின்றான் என்று சொல்லாது. மூன்றையும் அடுக்கி, அதே நாளில் அதே தடத்தில் வேறு ஓட்டுநர் இல்லை என்று விலக்கிய பிறகுதான் அது சாட்சியமாகிறது. அப்படி அடுக்கியபோது மூன்று கடத்தல்களின் போதும், 1988-இல் நாட்டிங்ஹாமில் பதினைந்து வயதுப் பெண்ணை இழுத்துப்போக முயன்று தோற்ற நாளிலும், பிளாக் அந்தந்தப் பகுதியில் இருந்தான்.

அடுத்த முட்டுக்கட்டை சட்டம். முன்பு செய்த குற்றத்தைச் சொல்லி இப்போதைய குற்றத்தை நிரூபிக்கக் கூடாது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டத்தின் பொதுவிதி. அது நியாயமான விதி. அதற்கு விலக்கு, நிகழ்வுகள் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவு ஒத்திருப்பது. இந்த விலக்கின் வேரும் குழந்தைக் கொலை வழக்குதான்: பணம் வாங்கிக்கொண்டு சிசுக்களை வளர்க்க எடுத்த மேக்கின் தம்பதியின் சிட்னி வீட்டுத் தோட்டங்களில் சிசு உடல்கள் தோண்டி எடுக்கப்பட்ட, 1890-களின் வழக்கு. நியூகாசிலில் 1994-இல் நீதிபதி மக்ஃபர்சன், ஸ்டோ கடத்தலை ஜூரி முன் வைக்கலாம் என்று அனுமதித்தார். அந்த அனுமதி இல்லாமல் போயிருந்தால் ரசீதுகள் வெறும் பயணக் குறிப்பாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து. பிளாக் வக்கிரம் பிடித்தவன்தான், ஆனால் கொலைக்குச் சான்று எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. அது கேட்க வேண்டிய கேள்வி. பிளாக் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. மே 19-ஆம் தேதி ஜூரி மூன்று கொலைகளிலும் அவனைக் குற்றவாளி என்றது; ஆயுள் தண்டனை, குறைந்தது 35 ஆண்டு.

பாலிண்டரிச் சிறுமியின் குடும்பம் அதற்கு மேலும் பதினேழு ஆண்டு காத்திருந்தது. முப்பது ஆண்டுப் பழைய ஊதியப் பதிவும் எரிபொருள் ரசீதும் அவனை 1981 ஆகஸ்டில் வட அயர்லாந்துப் பயணத்தில் நிறுத்தின. 2011 அக்டோபரில் ஆர்மா நீதிமன்றத்தில் அந்தக் கொலையிலும் அவன் குற்றவாளி என்று தீர்ப்பானது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரை அவனைப் பத்துக்கு மேற்பட்ட கொலைகளைச் செய்தவன் என்று உறுதியாக எழுதியிருக்கிறது. நிரூபிக்கப்பட்டவை நான்கு. 1978-இல் டெவனில் சைக்கிளில் செய்தித்தாள் போடப் போய்க் காணாமல் போன பதிமூன்று வயதுச் சிறுமி வழக்கில் காவல்துறை அரசுத் தரப்புக்குக் கோப்பு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது, 2016 ஜனவரி 12-இல் மகாபெரி சிறையில் பிளாக் இறந்தான். அந்தச் சிறுமியின் உடல் இதுவரை கிடைக்கவில்லை. அந்த வழக்கில் விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை. எனவே அதைச் சந்தேகம் என்றே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை