பழைய கடவுச்சீட்டைப் பார்த்து நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு,

என் பழைய கடவுச்சீட்டின் முத்திரைகளைப் பார்த்துவிட்டு, "அங்கெல்லாம் நடக்கப்போவது உங்களுக்கு அப்போதே தெரிந்ததா அப்பா?" என்று கேட்டாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தைகளில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1977 ஜூன் மாதம், லண்டனில் படிப்பு முடிந்ததும், விமானச் சீட்டுக்குக் கையில் பணம் போதாததால் பேருந்திலும் ரயிலிலுமாக நாடு திரும்பினேன். அப்போது எனக்கு 24 வயது. ஐரோப்பாவைச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் பாலத்தைக் கடந்து, அரராத் மலையின் பனிமுடியைப் பார்த்துக்கொண்டே ஈரான் எல்லைக்குள் நுழைந்த பிறகுதான் பயணம் தொடங்கியதாகவே உணர்ந்தேன்.

தெஹ்ரானில் எண்ணெய்ப் பணம் கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடையில் எதிரே அமர்ந்த ஒரு கல்லூரி மாணவர், அந்த மார்ச்சில் நடந்த நம் தேர்தலைப் பற்றி, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த அரசை மக்கள் வாக்குச்சீட்டாலேயே இறக்கியது எப்படி என்று, திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பெருமையோடு சொல்லி முடித்து, "உங்கள் மன்னர் எப்படி?" என்று கேட்டதும், பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு முலாம்பழத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். 1979 ஜனவரியில் மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார் என்ற செய்தியைப் படித்தபோதுதான் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

அடுத்து ஆப்கானிஸ்தான். ஹெராத்திலிருந்து கந்தஹார் வரை சோவியத் நாட்டார் போட்ட கான்கிரீட் சாலை. பலகை பலகையாக வார்த்திருந்ததால் ஒவ்வொரு இணைப்பிலும் பேருந்துச் சக்கரம் 'டக்' என்று ஒலித்துக்கொண்டே வந்தது. கந்தஹாரிலிருந்து காபூல் வரை அமெரிக்கர் உதவியில் அமைந்த தார்ச் சாலை என்பதால் அந்த ஒலி நின்றுவிட்டது. இரு வல்லரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு உதவுவது இந்த நாட்டின் நல்லூழ் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1979 டிசம்பரில், சோவியத் படை வண்டிகள் அதே கான்கிரீட் சாலையில்தான் தெற்கே இறங்கின.

காபூலிலிருந்து பாமியானுக்குப் போனேன். அங்கே மலைப்பாறையில் செதுக்கிய பெரும் புத்தர் சிலைகளில் 55 மீட்டர் உயரமானதன் அருகே, பாறைக்குள் குடைந்த படிகளில் ஏறி, தலை உயரத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம்: நெட்டை மரங்கள், பச்சை வயல்கள், ஓடைகள், அப்பால் பனி மலைகள். 1969 முதல் நம் தொல்லியல் துறையினர் ஆப்கானியரோடு சேர்ந்து அச்சிலைகளைச் செப்பனிட்டு வந்தார்கள். பணி நிறைவடைந்த ஆண்டில்தான் நான் அங்கே நின்றேன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்பது இனியும் நிற்கும் என்ற நிச்சயத்தில், ஒரே பகல் போதும் என்று இறங்கிவிட்டேன். இன்னும் ஒரு நாளாவது தங்கியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பாகிஸ்தானில் ஜூலை 5 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி காபூலிலேயே காதில் விழுந்திருந்தது. கைபர் கணவாயைத் தாண்டி, லாகூரிலிருந்து முந்தைய ஆண்டுதான் ஓடத் தொடங்கியிருந்த ரயிலில் எல்லை கடந்தேன்.

ஆக, மகளே, எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த மாணவரின் பார்வையும் சாலையின் ஒலியும் என் எதிரிலேயே இருந்தன. இரண்டையும் வேடிக்கை பார்த்துக் கடந்து வந்தேன். 2001 மார்ச்சில் அந்தப் பாறைச் சிலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நான் சாப்பாட்டை விட்டு எழுந்து போனேன். சிறுமியான நீ பின்னாலேயே வந்து ஏன் என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதுதான் இது.

நாட்குறிப்பையும் இத்துடன் அனுப்புகிறேன். சாலையைப் பற்றி எழுதிய பக்கத்தைப் பலமுறை கிழித்துவிட நினைத்தேன்; ஆனால், கிழிக்கவில்லை. அதையும் படி.

அன்புடன்,
அப்பா