பெரிய நிறுவனத்தின் துணை ஒப்பந்தம் கட்டுபடியாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய அளவில் சேவைத் தொழில் செய்கிறவர்கள் பெரிய நிறுவனங்களிடம் துணை ஒப்பந்தம் எடுத்தால் ‘நிலையான வருமானம்’ கிடைக்கும் என்று சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எந்தத் தொழில் என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. எங்கள் தொழிலை நான் சொல்கிறேன். என் கணவர் சோபாவும் கார்ப்பெட்டும் கழுவுகிறவர். அவர் இயந்திரம் பிடிக்கிறார், நான் கணக்குப் பிடிக்கிறேன். பில் போடுவது, ஜி.எஸ்.டி. கட்டுவது, பணம் எப்போது வரும் என்று தொலைபேசியில் கெஞ்சுவது எல்லாம் என் இலாகா. அதனால் அந்த இரண்டு சொற்களைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

ராஜீவ் காந்தி சாலையில் தரமணியிலிருந்து சிறுசேரி வரை இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் தரையில் கார்ப்பெட்தான். அந்த அலுவலகங்கள் எங்களை நேரடியாகக் கூப்பிடுவதில்லை. பெருக்குவது, காவல், குளிர்சாதனம், தொட்டிச்செடி எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கார்ப்பெட்டை ஆழமாகக் கழுவ வேண்டி வரும்போது, அதற்கான இயந்திரமும் ஆளும் அந்த நிறுவனத்திடம் இருக்காது. அப்போதுதான் எங்கள் தொலைபேசி ஒலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 12,000 சதுர அடி அலுவலகம் ஒன்று. சதுர அடிக்கு இரண்டே கால் ரூபாய். மொத்தம் 27,000 ரூபாய். வெள்ளி, சனி இரண்டு இரவு வேலை. நான்கு ஆட்களுக்கு இரவுக்கு 900 வீதம் 7,200. ஷாம்பு, கறை நீக்கும் மருந்து 3,000. வண்டிக்கு டீசல் 1,200. சாப்பாடு, தேநீர் 1,000. இயந்திரத் தேய்மானத்துக்கு நான் எடுத்து வைப்பது 2,500. செலவு 14,900 போக மீதி 12,100. இரவுக்கு ஆறாயிரம்! வீடுகளில் சோபா கழுவினால் ஒரு நாள் முழுக்க அலைந்து இரண்டாயிரம் மிஞ்சினாலே நல்ல நாள். காகிதத்தில் பார்த்தால் கட்டுரையாளர் சொன்னது அப்படியே சரி.

அந்தப் பன்னிரண்டாயிரம் எங்கள் கைக்கு வரும் வழியில்தான் கதை இருக்கிறது.

முதலில் ஜி.எஸ்.டி. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. எங்கள் வரவு அதற்குக் கீழேதான். ஆனால் பதிவு எண் இல்லாதவர்களை அந்த நிறுவனம் பட்டியலிலேயே சேர்க்காது. எடுத்தோம். 27,000 ரூபாய் பில்லுக்கு 18 சதவீதம், அதாவது 4,860 ரூபாய். அவர்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மருந்து வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதமே நாங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரி! அதோடு போகவில்லை. பதிவு செய்துவிட்டால் வீட்டு வாடிக்கையாளரிடமும் வரி வாங்க வேண்டும். 1,800 ரூபாய் சோபா 2,124 ரூபாய் ஆனது. பக்கத்துத் தெருவில் பதிவு இல்லாத தம்பி அதே வேலையை 1,800-க்குச் செய்கிறார். ஒரு நிறுவனத்துக்காக எடுத்த எண், ஊருக்குள் எங்கள் விலையை ஏற்றிவிட்டது.

அடுத்தது மறுவேலை. கார்ப்பெட்டில் கொட்டிய தேநீர் அடிவரை இறங்கியிருக்கும். கழுவியதும் மேலே கறை காணாமல் போகும். காயக் காய அடியில் இருப்பது ஈரத்தோடு மேலே ஏறி, மறுநாள் அதே இடத்தில் வட்டமாக வந்து நிற்கும். தொழில் தெரிந்தவர்கள் யாருக்கும் இது புதிதல்ல. வீடு என்றால் என் கணவர் அந்த வழியாகப் போகும்போது ஏறி, பத்து நிமிடம் ஒற்றி எடுத்துவிட்டு வருவார். அலுவலகம் என்றால் மறுபடியும் கேட் பாஸ், மறுபடியும் ஆட்கள், சரக்கு லிஃப்டுக்கு மறுபடியும் காத்திருப்பு.

இதைவிடக் கொடுமை ஈரம். கார்ப்பெட் உலரக் காற்று ஓட வேண்டும். ஆனால் சனிக்கிழமை இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குளிர்சாதனத்தை அணைத்துவிடுவார்கள். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் அந்தக் கட்டடங்களில் திறக்கிற ஜன்னலே கிடையாது. எங்கள் ஊதுவிசிறிகள் எத்தனையைத்தான் உலர்த்தும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றே நனைந்துதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஊழியர்கள் உள்ளே வருவார்கள், ‘நாற்றம்’ என்று ஒரு மின்னஞ்சல் மேலே போகும், அது பராமரிப்பு நிறுவனத்தின் வழியாக ‘பணி திருப்தியில்லை’ என்று மாறி எங்களிடம் இறங்கும். குளிர்சாதனத்தை அணைத்தது யார் என்று அந்தச் சங்கிலியில் ஒருவரும் கேட்பதில்லை. ஒரு முறை மறுவேலைக்கு எங்களுக்குக் கூலியும் டீசலுமாக 4,500 ரூபாய் ஆனது. பில்லில் பத்து சதவீதம் பிடித்தம் வேறு. அது 2,700.

மூன்றாவது, பணம் வரும் தேதி. ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தது. நடந்தது நான்கு மாதம். ‘பி.ஓ. எண் (அவர்கள் தரும் பணி ஆணையின் எண்) சரியில்லை, புது பில் அனுப்புங்கள்’ என்பார்கள். புது பில் போனதும் நாட்களை முதலிலிருந்து எண்ணுவார்கள். பிறகு ‘அப்ரூவலில் இருக்கிறது’. பிறகு ‘அவர் விடுப்பில் இருக்கிறார்’. கடைசியில் ‘கிளையண்ட் எங்களுக்கே இன்னும் கொடுக்கவில்லை’. என்னிடம் பேசும் கணக்குப் பிரிவுப் பெண் மரியாதையானவர். அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் கையில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையே கூலி கொடுத்தாக வேண்டும். அவர்களிடம் போய் அப்ரூவல் என்று சொல்ல முடியுமா? செலவுக்கு வாங்கிய 14,900 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று வட்டி வீதம் நான்கு மாதத்தில் 1,788 ரூபாய் போனது.

மீதி 12,100-இல் வட்டி, மறுவேலை, பிடித்தம் மூன்றையும் கழித்தால் 3,112 ரூபாய் நிற்கிறது. மறுவேலையையும் சேர்த்து மூன்று இரவு கண்விழித்ததற்கு. எல்லா வேலையும் இப்படி முடிந்தது என்று சொன்னால் அது பொய். முழுத்தொகையும் ஒழுங்காக வந்த வேலைகளும் உண்டு. ஆனால் எது எப்படி முடியும் என்று இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது எங்களுக்குத் தெரிவதில்லை. இதைத்தான் கட்டுரையாளர் ‘நிலையான’ என்கிறார்.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் எந்த வீட்டிலும் சோபா கழுவ மாட்டார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அந்த வறண்ட மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்காமல் இருந்தது அலுவலக வேலையால்தான். நிறுவனத்திலிருந்து வங்கிக் கணக்குக்கு வந்த பணமும், அவர்கள் எங்கள் பெயரில் முன்கூட்டியே பிடித்துக் கட்டிய ஒரு சதவீத வருமான வரியின் (டி.டி.எஸ்.) பதிவும் இருந்ததால்தான் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேட்டபோது வங்கி மேலாளர் எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது இயந்திரம் அப்படி வந்ததுதான். ஆகவே துணை ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலியாக இருக்கும் இரவுகளை நிரப்ப அது சரி. அதையே பிழைப்பாக நம்பி வீட்டு வாடிக்கையாளரைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனம் வேறு ஆளுக்கு மாறியதும் இயந்திரத்தை விற்றுவிட்டு வேறொருவரிடம் கூலிக்குப் போனார்கள்.

எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 60 நாள் என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு: வேலை முடிந்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்காவிட்டால், வேலையை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் ‘திருப்தியில்லை’ என்றால் எடுபடாது.

2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு கிடுக்கியும் போட்டது. வேலை வாங்கிய நிறுவனம் இந்தக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டித் தன் வருமான வரியைக் குறைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் பிறகு, ‘உத்யம் பதிவு இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றதும் குரல் இறங்கிய ஒரு நிறுவனத்தையும் பார்த்தேன்.

புகார் கொடுக்க மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. வீட்டிலிருந்தே பதியலாம், அங்கிருந்து இந்தப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் மாநிலத்தின் வசதியாக்க மன்றத்துக்கு அது போகும். பதியத் தெரியாததால் நாங்கள் பதியாமல் இருக்கவில்லை. பதிந்த மறுநாளிலிருந்து அந்தத் தொலைபேசி ஒலிக்காது. இந்தத் தொழிலில் மேற்பார்வையாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ‘அந்த அம்மா கேஸ் போடுகிறவர்’ என்ற பேச்சும் அவர்களோடு மாறிப் போகும். 27,000 ரூபாய்க்காக ஒரு சாலை முழுவதையும் யார் பகைத்துக்கொள்வார்கள்?

அதனால் என் கோரிக்கை பராமரிப்பு நிறுவனங்களிடம் இல்லை, அவற்றுக்கு மேலே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம். சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது இன்னும் இரண்டு வரி சேருங்கள்: கீழே வேலை செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் போனதற்கு ரசீது காட்டினால்தான் பராமரிப்பு நிறுவனத்தின் அடுத்த பில்லுக்கு ஒப்புதல். கார்ப்பெட் கழுவிய இரவும் மறுநாளும் குளிர்சாதனம் ஓடும். இரண்டாவது வரிக்கு உங்களுக்கு ஆகும் மின்கட்டணம், நாற்றம் பற்றி வரும் மின்னஞ்சல்களைப் படிக்கும் நேரத்தைவிட மலிவு.

என் கணவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று. வேலை முடிந்த காலையிலேயே கட்டட மேலாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பராமரிப்பு நிறுவன மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் கட்டைவிரல் போதாது. நாங்கள் இப்போது அந்தத் தாள் இல்லாமல் இயந்திரத்தைக் கீழே இறக்குவதில்லை. குளிர்சாதனம் அணைந்திருந்தால் என் கணவர் அதையும் தாளிலேயே எழுதிவிடுகிறார். அதன் பிறகு பிடித்தங்கள் குறைந்திருக்கின்றன. பணம் வரும் தேதிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு பில்கள் இன்னும் அப்ரூவலில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேடவாக்கம், சென்னை.