வண்டியின் ஏர் லாக்கரில் ஆயில் கசிவு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் பொருத்தும் ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் டிஃப்பரென்ஷியலை, அதாவது டிஃப்பை, பூட்டி இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் கருவி) எல்லாம் ஆயில் கக்குகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருப்பது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இத்தனை காலம் நம்பி வண்டியை விட்டுப்போனவர்களே போன் செய்து கேட்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

லாக்கரை அணைத்ததும், அதற்குக் காற்றைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டு வால்வின் துளை வழியாகக் காற்றோடு ஆயிலும் தெறிக்கிறது என்பதுதான் புகார். புதிதாகப் பொருத்திய வண்டியில் முதல் சில தடவை இரண்டொரு சொட்டு வருவது சகஜம். பொருத்தும்போது ஓ-ரிங்கில் (காற்றும் ஆயிலும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தடவிய ஆயில் அது. நிற்காமல் வந்துகொண்டிருந்தால்தான் கோளாறு.

சுழலும் டிஃப்புக்குள் காற்றைக் கொண்டுபோக சீல் ஹவுசிங் என்று ஒரு வளையம் உண்டு. அதிலுள்ள இரண்டு ஓ-ரிங்குகளுக்கு நடுவேதான் காற்று உள்ளே போகிறது. லாக்கர் அணைந்திருக்கும்போது காற்றுக்குழாயில் அழுத்தம் இருக்காது. ஆக்சிலின் பிரீதர் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் மூச்சுத்துளை) சேற்றில் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடான ஹவுசிங்குக்குள், அதாவது டிஃப்பும் ஆக்சிலும் இருக்கும் கூட்டுக்குள், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஆயிலை ஓ-ரிங்கைத் தாண்டிக் குழாய்க்குள் தள்ளிவிடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகலாம்.

"பிரீதரைத் துடைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள், டிஃப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை" என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் எங்களுக்கு ரொம்ப வலித்தது. டிஃப்பைத் திறப்பது என்றால் ஆக்சில்களை உருவ வேண்டும், டிஃப்பின் பற்சக்கரங்களைத் தாங்கும் கேரியரை வெளியே எடுக்க வேண்டும், திரும்பப் பூட்டும்போது பேக்லாஷையும் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) பேரிங் இறுக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். சேறு அடைத்த ஒரு பிரீதருக்காக நன்றாக ஓடும் டிஃப்பை ஏன் பிரிக்க வேண்டும்? முதலில் பிரீதர், அடுத்து ஆயில் மட்டம், அப்புறம் குழாயை ஊதிச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்ப்பது. அதன் பிறகும் ஆயில் வந்தால்தான் ஓ-ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறக்காதது அலட்சியம் இல்லை, உங்கள் வண்டி மேல் உள்ள அக்கறை.

ஓ-ரிங் போயிருந்தால், லாக்கருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரெசரே காட்டிக்கொடுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, லாக்கரை மட்டும் போட்டுக் கவனியுங்கள். அழுத்தம் ஏறிக் கம்ப்ரெசர் நின்ற பிறகு அடிக்கடி திரும்ப ஓடினால் எங்கோ காற்று போகிறது. வெளி இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அங்கே குமிழி இல்லாமல், ஆயில் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று சத்தம் கேட்டால் கசிவு உள்ளேதான். அந்தக் காற்று ஹவுசிங்கை நிரப்பி, ஆக்சில் சீல் வழியாக ஆயிலை பிரேக் வரை தள்ளிவிடக்கூடும். ஓ-ரிங்கை விட்டுவிட்டு ஆக்சில் சீலை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பலனில்லை. இந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் கூப்பிடுங்கள்.

இரண்டு வண்டிகளில் பொருத்தும்போது எங்கள் கையிலேயே ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

பேச்சைக் கேட்டு ஒதுங்காமல், நேரில் வந்து கேட்டவர்களுக்கும், பக்கத்தில் நின்று சோதனையைப் பார்த்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தப் பட்டறை நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் வண்டியைக் கொண்டுவாருங்கள். வரும் முன் வால்வைத் துடைத்துவிடாதீர்கள். ஆயில் எவ்வளவு, என்ன நிறம் என்று அப்படியே பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலையும் அன்றே மாற்றியாக வேண்டும்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்